நார்மல் அக்காவிடம் யாரும் கேட்காதது

உலகத்திலேயே முழு ஆரோக்கியமான மனுஷி ஒருத்திதான் இருந்தாள். அவள் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், தொலைபேசிக்கும் தண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவே, ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இதில் கொஞ்சம் மிகை உண்டு. கொஞ்சம் என்று சொன்னேனே, அதுதான் பெரிய மிகை. சரி, உலகத்தை விட்டுவிடுவோம். அந்த மூன்றாம் மாடியைப் பொறுத்தவரை இது சத்தியம். அங்கே ஆரோக்கியம் என்றால் அவள், அவள் என்றால் ஆரோக்கியம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கணக்கில் மட்டும் ஒண்டிக்கொண்டிருக்க, எல்லோர் வாயிலும் அவள் ‘நார்மல் அக்கா’ ஆகிவிட்டாள்.

அந்த மாடியில் நடந்தது கணையப் புற்றைப் பற்றிய ஆராய்ச்சி. கணையம் இரைப்பைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் உறுப்பு. அதில் வருகிற புற்று கைதேர்ந்த திருடன். வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டிய பிறகுதான் கதவு கிறீச்சிடும். அவனை முன்கூட்டியே பிடிக்க ரத்தத்தில் தடயம் கிடைக்குமா என்று அங்கே தேடினார்கள். அவர்கள் நம்பிய தடயம், செல்கள் வெளியே விடுகிற நுண்பைகள். மாடிக்காரர்கள் ‘வெசிக்கிள்’ என்பார்கள்.

நம் உடம்பின் செல்கள் கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத குட்டிக் குட்டிப் பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. ரொம்ப காலம் அதைச் செல் கொட்டும் குப்பை என்றுதான் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். குப்பையைக் கிளறும் புத்தி சிலருக்கு இருக்குமல்லவா, அவர்கள் கிளறிப் பார்த்தார்கள். உள்ளே புரதம், கொழுப்பு, மரபுச் செய்தியின் துணுக்கு என்று சாமான் இருந்தது. ஒரு செல் விட்ட பையை இன்னொரு செல் வாங்கி, அதற்கேற்பத் தன் நடத்தையையே மாற்றிக்கொண்டது. காயம் ஆறுவதிலும் இந்தப் பைகளுக்குப் பங்கு உண்டு. புற்றும் இதே பைகளை முன்னால் அனுப்பி, தான் அடுத்துக் குடியேறப் போகிற உறுப்பில் இடம் பண்ணி வைக்கிறது. பேருந்தில் ஏறும் முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இருக்கை பிடிப்பது போல. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே பை. பையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை.

அதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். கடையில் எடைக்கல் இல்லாமல் எதை நிறுப்பது? நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு நோயில்லாத ஆளின் ரத்தத்தையும் வைத்துப் பார்த்தால்தான் இயந்திரம் சரியாகப் பேசுகிறதா என்று தெரியும். ஆராய்ச்சி தொடங்கிய நாளில் நோயில்லாத ஆளைத் தேடிப் போக யாருக்கும் நேரமில்லை. கைக்கெட்டிய தூரத்தில் சளி பிடிக்காத, மாத்திரை விழுங்காத, லீவு போடாத ஒருத்தி இருந்தாள். “அக்கா, ஒரு கை குடுங்க” என்றார்கள். கொடுத்தாள். அன்றிலிருந்து மாதா மாதம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் மாடியின் எடைக்கல் ஆகிப்போனாள்.

மற்றபடி அவளுடைய வேலை தொலைபேசியில் பேசுவது. ரத்தம் கொடுக்க வருகிறவர்களை முந்தின நாள் கூப்பிட்டு நினைவூட்டுவாள்.

“வெறும் வயித்தோட வாங்க. தண்ணி மட்டும் குடிக்கலாம். காலையில ஓடறது, வேகமா நடக்கறது, எக்சர்சைஸ் எதுவும் வேணாம். காய்ச்சல், சளி இருந்தா சொல்லிடுங்க. நல்லா தூங்கிட்டு வாங்க.”

மறுநாள் அவர்கள் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும், ஊசி ஏறும் முன் அதையே கேள்வியாகக் கேட்பாள். சாப்பிட்டீங்களா, ஓடினீங்களா, காய்ச்சலா, தூங்கினீங்களா. வாய் அதைத் தானாகச் சொல்லும். அந்த நேரத்தில் மனம் ஜன்னலுக்கு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அவளுக்குப் புளிப்புகூடத் தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது.

அவளுடைய முறை வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிடுவாள். ரத்தம் எடுக்கிறவருக்கு ‘ஊசி அண்ணன்’ என்று பெயர். “குடுங்கக்கா, விஞ்ஞானம் காத்துக்கிட்டிருக்கு” என்று ரப்பர் பட்டையைக் கட்டுவார். அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்கிறவளே அவள்தானே, அப்புறம் யார் கேட்பது? ஊரார் முதுகைப் பார்க்கிறவளுக்குத் தன் முதுகு தெரியாது.

வீட்டிலும் கேட்க ஆளில்லை. ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கத்தில் இரண்டு அறை. அம்மா இருந்தவரை அங்கே ரேடியோ மூன்றாவது ஆளாகப் பேசிக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகு, அதைப் போட்டால் யாரோ வந்திருக்கிற மாதிரியும், அணைத்தால் அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போன மாதிரியும் இருந்தது. அதனால் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தாள். மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒன்று அவளுக்கு, இன்னொன்று இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிகளுக்கு. பகலெல்லாம் ஊர் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவள், கதவைத் திறந்து உள்ளே வந்ததும் தொண்டையைச் செருமிக்கொள்வாள். அந்தச் செருமலுக்கு அடுத்த வீட்டு நாய் மட்டும் பதில் சொல்லும்.

இப்படி இருந்தவள்தான் நீச்சலுக்குப் போனாள்.

மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளிப் பொது நீச்சல் குளம். காலையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வகுப்பு. பேருந்து ஜன்னல் வழியாக அந்த வகுப்பின் அறிவிப்புப் பலகையைப் பல மாதம் படித்துப் படித்து, ஒரு நாள் இறங்கிவிட்டாள். தலைக்கு ரப்பர் தொப்பி மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது அவித்த முட்டைக்குக் கண் முளைத்த மாதிரி இருந்தது. தண்ணீரில் அவளைச் சுற்றி இடுப்பளவு உயரக் குழந்தைகள். அவர்கள் தவளை மாதிரி பாய, இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாடகை கேட்க வந்தவள் போல ஓரமாக நின்றாள்.

கற்றுக்கொடுக்கிற டீச்சருக்குப் பெரிய உடம்பு, கழுத்தில் விசில்.

“படுங்கம்மா.”

“எங்கே?”

“தண்ணி மேலதான். மெத்தை போட்டா வெச்சிருக்கேன்? சும்மா சாயுங்க, கீழ என் கை இருக்கு.”

சாய்ந்தாள். முதுகின் கீழ் ஒரு அகலமான கை வந்து தாங்கியது. அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அவளுடைய கை அம்மாவின் முதுகின் கீழ் இருந்தது. தன் முதுகின் கீழ் இன்னொருவர் கை கடைசியாக எப்போது இருந்தது என்று யோசித்தாள், நினைவு வரவில்லை. காதுக்குள் தண்ணீர் நிறைந்து, குழந்தைகளின் கூச்சல் எங்கோ தூரத்துக்குப் போய், கூரையின் ஒழுகல் கறை மட்டும் தெரிந்தது. மறுநாளும் போனாள். கை விலகி, மிதக்கத் தெரிந்து, காலை உதைத்து மூச்சுமுட்டக் கரைக்கும் கரைக்கும் போகப் பழகிய பிறகும் போனாள்.

இதை மூன்றாம் மாடியில் மூச்சுவிடவில்லை. இந்த வயதில் நீச்சலா என்று ஊசி அண்ணன் ஒரு வருஷத்துக்கு ஓட்டுவார் என்பது தெரியும். குளித்த தலையோடு வேலைக்கு வந்து, கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழ் குனிந்து, முடியை அரைகுறையாகக் காயவைத்துக்கொண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவள் தலை ஈரமா காய்ந்ததா என்று பார்க்க யார் இருந்தார்கள்?

அடுத்த முறை அவள் ரத்தத்தைப் பரிசோதித்தபோது திரை நிறையப் புள்ளிகள். கறுப்புத் திரையில் ஒவ்வொரு நுண்பையும் துள்ளும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். வழக்கமாக அவளுடையது பகல் நேரத்துப் பூங்கா மாதிரி ஆளரவம் குறைந்து இருக்கும். இப்போதோ பள்ளிக்கூடம் விட்ட வாசல் மாதிரி இருந்தது. ஆராய்ச்சி செய்கிற இளம்பெண் (சின்ன வயசு என்பதால் அவளுக்குக் ‘குட்டி டாக்டர்’, ஆராய்ச்சிக்குத் தலைவருக்குப் ‘பெரியவர்’ என்று பெயர்) இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டாள். பழுது பார்ப்பவர் வந்து அக்கக்காகக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். ஒரு திருகாணி மிஞ்சியது. இயந்திரமோ முன்னைவிட நன்றாக ஓடியது. அடுத்த மாதமும் அவள் ரத்தத்தில் அதே கூட்டம்.

தேநீர் போடுகிற சின்ன அறைக்கு வெளியே, கையில் காலிக் கோப்பையோடு அவள் நின்றபோதுதான் உள்ளே பேச்சு கேட்டது.

“நார்மல் கெட்டுப்போச்சுண்ணே,” என்றாள் குட்டி டாக்டர்.

“பால் கெட்டுப்போன மாதிரி சொல்றியேம்மா.”

“மிஷின் மேல தப்பில்ல. மத்த சாம்பிள் எல்லாம் ஒழுங்கா வருது. அக்காவோடது மட்டும் ரெண்டு தடவையா எகிறுது.”

ஊசி அண்ணனின் கரண்டிச் சத்தம் நின்றது. “அக்காவுக்குத் தெரியுமா?”

“என்னன்னு சொல்றது? உறுதியாத் தெரியாம வாயைத் திறக்காதேன்னு பெரியவர் சொல்லிட்டாரு. நீங்களும் உளறி வெக்காதீங்க.”

“நான் ஊசி. குத்துவேன், பேச மாட்டேன்.”

நார்மல் அக்கா தேநீர் குடிக்காமல் இடத்துக்குத் திரும்பினாள். கால் ஆடும் நாற்காலி அன்று அதிகமாக ஆடியது. அவளுக்கு இந்த நோயின் போக்கு தொலைபேசி வழியாகத் தெரியும். முதலில் நோயாளிகளே எடுத்துக் கலகலப்பாகப் பேசுவார்கள். பிறகு குரல் மெலியும். பிறகு மனைவியோ மகனோ எடுப்பார்கள். பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

தனக்கு யார் எடுப்பார்கள் என்று யோசித்தாள். அடுத்த வீட்டு நாய்தான் நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது.

நோய்ப் பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது குட்டி டாக்டரின் அன்பு. அதுவரை “அக்கா, நாளைக்கு வர்றவங்களைக் கூப்பிட்டாச்சா?” என்று நடந்துகொண்டே கேட்கிற பெண், இப்போது நின்று, குனிந்து, “உங்களுக்கு ஏதாவது வேணுமாக்கா?” என்றாள். புது நாற்காலி ஒன்று வந்தது. ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. அரண்டவள் கண்ணுக்கு நாற்காலியும் பேய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை கூப்பிட்டாள். வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறவள்; வாரம் தவறாமல் கூப்பிடுவாள், வாரம் தவறாமல் தன் முழங்காலைப் பற்றியே பேசுவாள்.

“படி ஏறினா உயிர் போகுதுக்கா. இவர் என்னடான்னா, எல்லாம் மனசுதான்னு சொல்றாரு. மனசு போய் முழங்கால்லயா இருக்கும்?”

“உங்க வீட்டுக்காரருக்கு எங்க இருக்குன்னு பாத்துக்க.”

தங்கை சிரித்தாள். மகனின் படிப்பு, மாடி வீட்டுக்காரியின் திமிர் எல்லாம் வந்து போயின. அக்கா ஒரு முறை “எனக்கும் கொஞ்ச நாளா...” என்று தொடங்கினாள்.

“உனக்கென்னக்கா குறை? ஆஸ்பத்திரியே உன் உடம்பை வெச்சுத்தான் ஓடுது. எனக்கு இருக்கறதுல பாதி உனக்கு வந்திருந்தா இப்படிக் கல்லு மாதிரி இருப்பியா?”

“அதான்டி சொல்ல வந்தேன். எனக்கு ஒண்ணுமில்ல.”

தொலைபேசியை வைத்த பிறகு மேஜையின் எதிர் நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்து மடித்தாள். நாற்காலி காலியானதும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மடித்த துணிகளை மறுபடி அதிலேயே அடுக்கினாள்.

திங்களன்று வழக்கம்போல நீச்சலுக்குப் போய்விட்டு மாடிக்கு வந்தவள், தன் இடத்துக்குப் போகாமல் நேராக ரத்தம் எடுக்கும் அறைக்குள் நுழைந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். குட்டி டாக்டரும் ஊசி அண்ணனும் அங்கேதான் இருந்தார்கள்.

“இன்னைக்கு உங்க முறை இல்லையேக்கா,” என்றாள் குட்டி டாக்டர் மெதுவாக.

“அந்தக் குரல்ல என்கிட்ட பேசாதே. போன்ல நான் பேசற குரல் அது. எனக்குத் தெரியாதா?” கையை நீட்டினாள். “நார்மல் கெட்டுப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். மறுபடி எடுத்துப் பாரு. எதுவா இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும்.”

குட்டி டாக்டர் ஊசி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஊசி அண்ணன் கூரையைப் பார்த்து, “நான் உளறல,” என்றார்.

பிறகு குட்டி டாக்டர் ஒரு முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். “சரி. முறைப்படியே எடுப்போம். முதல்ல கேள்வி. சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“காலையில எக்சர்சைஸ் ஏதாவது?”

“இல்ல.”

“காய்ச்சல், சளி?”

“இல்ல. தூங்கினியான்னு கேளு. தூங்கல, ஏன்னு உனக்கே தெரியும்.”

எத்தனையோ பேருடைய வாயிலிருந்து கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பதில்கள். அவை கேள்வி முடியும் முன்பே அவளிடமிருந்து வந்தன. ஊசி அண்ணன் ரப்பர் பட்டையோடு அருகில் வந்தார். மூக்கைச் சுருக்கினார். குனிந்து இன்னொரு முறை முகர்ந்தார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க மேல ஏன் பாத்ரூம் கழுவின வாசனை வருது?”

“அது குளோரின்.”

“தெரியுது. எதுக்கு குளோரின்?”

அவள் ஈர முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். “நீச்சல்.”

“யாரு?”

“நான்தான். வேற யாரு, உங்க பாட்டியா?”

குட்டி டாக்டர் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். “எப்போ? இன்னைக்கா? போன மாசம் ரத்தம் குடுத்த அன்னைக்கும் போனீங்களா? அதுக்கு முந்தின மாசம்?”

“தினமும்தான் போறேன்.”

“இப்போதானேக்கா எக்சர்சைஸ் இல்லன்னீங்க?”

“நீச்சல் எக்சர்சைஸாம்மா?” அவள் உண்மையாகவே கேட்டாள். “நாம கேக்கறது இந்த ஷூ போட்டுக்கிட்டு வேர்க்க வேர்க்க ஓடறாங்களே, அவங்களைத்தானே? எனக்கு வேர்க்கறதே இல்லையே.”

“தண்ணிக்குள்ள எப்படிக்கா வேர்த்தது தெரியும்?” என்றார் ஊசி அண்ணன்.

குட்டி டாக்டர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். மூச்சுவாங்க உடம்பை அசைத்தால் ரத்தத்தில் இந்தப் பைகள் பெருகும். சற்று ஓய்ந்தால் தணிந்துவிடும். அதனால்தானே வருகிறவர்களை எல்லாம் ஓடாதே, நடக்காதே என்று சொல்ல வைத்தோம்? தினமும் அதைச் சொல்கிறவளை மட்டும் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தனக்கும் தோன்றவில்லை.

“அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?”

“அவசரப்படாதீங்க. ஒரு வாரம் நீச்சல் வேணாம். அப்புறம் எடுத்துப் பாப்போம்.”

அந்த வாரம் நீளமான வாரம். காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். போக இடமில்லாமல் படுக்கையில் கிடந்து, முதுகின் கீழ் மெத்தையை உணர்ந்துகொண்டு, உடம்புக்குள் கோடிக் கோடியாகப் பைகள் போய்வருவதை நினைப்பாள். ஈரலிலிருந்து எங்கோ, எலும்பிலிருந்து எங்கோ. இத்தனை போக்குவரத்து உள்ளே. வெளியே ஒரு கதவு தட்டுகிற சத்தம் இல்லை. பேருந்து குளத்தைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

வாரம் கழிந்து ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை குட்டி டாக்டர் கேள்விகளைக் கேட்டாள், அவளும் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். திரையில் பழைய பூங்கா திரும்பி வந்திருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள்.

“பழையபடி ஆயிட்டீங்கக்கா. ஆனா ஒண்ணு, இந்தப் புள்ளியை மட்டும் வெச்சு நோய் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இங்க எல்லாரும் உக்காந்திருக்கோம். கீழ இருக்கற டாக்டர்கிட்ட ஒரு தடவை முழுசாப் பாத்துக்கோங்க.”

பார்த்துக்கொண்டாள். கீழே இருந்த டாக்டர், கவலைப்பட ஒன்றும் தென்படவில்லை என்றார்.

ஆனால் மூன்றாம் மாடியில் பெரியவர் வேறு முடிவுக்கு வந்திருந்தார். ஒருத்தியின் ரத்தத்தை மட்டும் ஆரோக்கியத்தின் அளவாக வைத்தது சோம்பேறித்தனம். இனிமேல் வெளியிலிருந்து பலரைச் சேர்க்க வேண்டும், வேலை செய்கிறவர்கள் யாரும் கூடாது. நியாயமான முடிவு. அவளே புது ஆட்களைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “நாங்க நோயில்லாதவங்களைத் தேடிக்கிட்டிருக்கோம்” என்று சொல்லும்போது வாய் ஒரு நொடி தயங்கும். அடுத்த மாதம் ஊசி அண்ணன் பழக்கதோஷத்தில் அவள் கையைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி குத்தாத அந்த முழங்கை மடிப்பை அவள் மேஜைக்கடியில் கட்டைவிரலால் தடவிக்கொண்டாள். வலிக்காமல் இருப்பதும் ஒரு வலிதான் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் குட்டி டாக்டர் அவள் மேஜையருகே வந்து நின்றாள். குனியவில்லை, குரலை மெதுவாக்கவில்லை.

“எந்தக் குளம்க்கா அது? நானும் வரட்டுமா?”

“உனக்கு நீந்தத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ குழந்தைங்களோட நிக்கணும். அவங்க கேலி பண்ணுவாங்க, சொல்லிட்டேன்.”

மறுநாள் காலையில் இருவரும் ஒன்றாகப் போனார்கள். அவள் தண்ணீரில் இறங்கி, குட்டி டாக்டரின் முதுகின் கீழ் தன் கையை வைத்து, “சாயும்மா, என் கை இருக்கு,” என்றாள். அதற்குப் பிறகு வெயிலோ மழையோ, ஒரு காலைகூடத் தவறாமல் அந்தக் குளத்தில் இருவரும் அருகருகே நீந்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதை வாசித்துக் காட்டியபோது நார்மல் அக்கா எதிரே ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். சுளையைப் பிரித்து நார் எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கடைசி வரியை மாத்துங்க. குட்டி டாக்டர் ஒரு நாள்தான் வந்துச்சு. தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் நான் மட்டும்தான் போறேன்.”